மூலையில் விட்ட தண்ணீர்

பொற்கொடியைப் பெண் பார்த்தது ஜீப்பில்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விடியுமுன் போடியில் ஏறினால், ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காராத குறையாக நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏற வேண்டும். மற்றப் பெண்கள் வளைவுக்கு வளைவு வம்பு பேசுவார்கள். இவள் தூக்குவாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, யார் என்ன சொல்கிறார்கள், சொல்லும்போது கேட்கிறவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள். அவளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அய்யம்மாள். அந்தத் தோட்டத்துப் பெண்களுக்குக் கங்காணி. அவள் போடுகிற சத்தம் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கேட்கும்.

"இந்தப் புள்ள வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. என் தம்பிக்கு இதுதான் தோதுப்படும்" என்று அவள் ஜீப்பிலேயே அறிவித்தாள்.

"ரெண்டு பேருமே பேசாட்டி குடும்பம் எப்படிக்கா நடக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதுக்குத்தான நான் பக்கத்து வீட்டுல இருக்கேன்."

ஜீப் முழுக்கச் சிரித்தது. பொற்கொடியும் முந்தானைக்குள் சிரித்தாள்.

அய்யம்மாள் சொன்னபடியே பக்கத்து வீடுதான். குரங்கணி போகிற சாலையில், ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில், சரிவில் மேலே அய்யம்மாள் வீடு, கீழே அவள் தம்பி முத்துக்கண்ணன் வீடு. நடுவில் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிய இடுப்பளவுச் சுவர். குழம்புக் கிண்ணமும் அரிவாள்மணையும் அந்தச் சுவரின் மேலேயே போய்வரும்.

முத்துக்கண்ணன் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவன். பங்குனி சித்திரையில் மரங்களிலிருந்து காய் இறங்கும். உடைத்து, கொட்டை நீக்கி, பஞ்சை மூட்டை கட்டிக் கொட்டகையில் ஏற்றிவிட்டால் வருடம் முழுக்க வேலை இருக்கும். கல்யாணம் ஆனபிறகு பொற்கொடி மலைக்குப் போகவில்லை. மெத்தை உறை தைப்பது அவள் வேலை. அவள் தைத்துப் போட, அவன் பஞ்சை அடைப்பான். இருவர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பேச்சு அதிகம் இராது. சண்டையும் இராது.

பிள்ளையும் இல்லை. முதலில் மதுரைக்குப் போய்ப் பார்த்தார்கள். பிறகு கோயில்களுக்குப் போனார்கள். பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தெருவில் எடுத்தார்கள். ஒருமுறை ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லாப் பெண்களும் வரிசையாக வளையல் போட்டுக்கொண்டிருந்தபோது, பொற்கொடி முறை வருவதற்கு முன்னால் ஒருத்தி வந்து, "உள்ள சோறு கொதி வந்துருச்சு, செத்தப் பாரு கொடி" என்று அவளைச் சமையலறைக்கு அனுப்பினாள். அடுப்பில் சோறு ஏற்கெனவே வடித்திருந்தது. அதன்பின் அந்த மாதிரி வீடுகளில் பொற்கொடி தானாகவே சமையலறைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வாள். யாரும் அனுப்ப வேண்டிய தேவை இராது.

அய்யம்மாளுக்கு ஒரே மகள், வித்யா. தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா மலைக்குப் போய்விட்டால் அவள் வளர்ந்ததெல்லாம் கீழ் வீட்டுப் பஞ்சு மூட்டைகளின் மேல்தான். உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போன் வந்த அன்று, அய்யம்மாள் சுவரேறிக் குதித்து வந்து பொற்கொடியைக் கட்டிக்கொண்டாள். தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு வந்து, பெற்று, பிள்ளைக்குத் தலை நின்றபின்தான் போக வேண்டும். அதைச் செய்ய முடியாத தாயை ஊர் ஒரு தாயாக மதிக்காது. அய்யம்மாளுக்கு அப்போதிலிருந்து அது ஒன்றுதான் நினைப்பு.

அதில் ஒரே ஒரு முள் இருந்தது. அய்யம்மாள் வீட்டுப் பின்கட்டு.

மேல் சரிவுத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அடுப்படிச் சுவர் முட்டிவரை ஓதம் ஏறும். குளியலறைக்குப் போகிற வழியெல்லாம் பாசி. போன வருடம் அய்யம்மாளே அதில் வழுக்கி விழுந்து, சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள்.

"எனக்கு ஒடஞ்சா ஒட்டவச்சுக்கிரலாம். வயித்துப்புள்ளைக்காரி எப்படி இதுல நடப்பா?" என்று அவள் ஆவணி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னமுத்துவைக் கூட்டிவந்தாள். அவன் கிணற்று வேலை, கடப்பாரை வேலை எல்லாம் பார்க்கிறவன். முத்துக்கண்ணனும் போய் நின்றான். பொற்கொடி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

சின்னமுத்து சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தண்ணிய முன்னால கொண்டுபோயித் தெருச் சாக்கடையில விட்டா சோலி முடிஞ்சதுக்கா. வாசலோட ஒரு வெட்டு வெட்டணும், அம்புட்டுத்தான்" என்றான்.

"வாசல்லயா? புள்ளைத்தாச்சி காலெடுத்து வைக்கப்போற வாசல் மண்ண வெட்டச் சொல்றியே. உம் பொண்டாட்டி முழுகாம இருந்தப்ப வீட்டுல கடப்பாரையத் தொட்டியா?"

"அப்ப நான் சோலிக்கே போகலக்கா. படுத்தேதான் கெடந்தேன்."

"அது நீ எப்பவும் கெடக்குறதுதான்."

முத்துக்கண்ணன் சிரித்தான். சின்னமுத்துவின் பார்வை கல்சுவரைத் தாண்டிக் கீழ் வீட்டு வாசலுக்கு இறங்கியது. அந்த வாசல் வழியாகவும் தெருச் சாக்கடைக்குப் போய்விடலாம். சொல்லப்போனால் வாட்டம் அந்தப் பக்கம்தான் நன்றாக இருந்தது. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சுவரோரம் நின்ற பொற்கொடியைக் கண்டதும் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

அய்யம்மாள் பின்பக்க மூலையைக் காட்டினாள். "மலையில தண்ணிய எங்க விடுறோம்? மேட்டுல குறுக்க மறிச்சு ஒரு கான் வெட்டி, சாஞ்ச மூலைக்குக் கொண்டுபோயி விட்டுர்றோம். ஏலச்செடி காலடியில சொட்டுத் தண்ணி நிக்காது. நான் வெட்டவச்ச கான் எத்தனை இருக்கும். அதே மாதிரி இங்கயும் குறுக்க வெட்டு. தொறந்து கெடந்தா அவ கால வச்சிருவா, அதனால அடியில ஓட்டை போட்ட பைப்பு, அதுக்கு மேல ஜல்லி. மூலையில ஒரு குழி தோண்டி அதையும் ஜல்லியால நெரப்பிரு. குழி குடிச்சுக்கிரும்."

"குடிக்குமாக்கா?"

"மலை குடிக்குது, இது குடிக்காதா?"

பொற்கொடி அந்த மூலையைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழி வரும். இந்தப் பக்கம் அவர்களுடைய பஞ்சுக் கொட்டகை. அந்த மூலையில் அவள் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள், அழுகிப்போனது. தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஒன்று வைத்தாள், அதுவும் அழுகியது. வேரோடு தோண்டி எடுத்தபோது கீழே முழங்கை ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று நின்றது. மேல் வீட்டிலிருந்து கீழ் வீடுவரை அடியில் ஒரே பாறை. மேலே உள்ள மண் சட்டியில் போட்ட மண் மாதிரி. மலையில் இலைச்சருகு மக்கி மக்கி, காலை வைத்தால் மெத்தையாக அமுங்குகிற மண். அது எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். இந்த மூலை ஒரு குடம் தண்ணீரைக்கூடக் குடிக்காது.

அவளுக்கு இது தெரியும். வழியும் தெரியும். "எங்க வாசல்ல வெட்டிக்கங்க மதினி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் தொங்கிக்கொண்டு வரும். எங்கள் வாசலில் வெட்டினால் குற்றமில்லை, ஏனென்றால் அந்த வாசலுக்குப் பிள்ளைத்தாய்ச்சி யாரும் வரப்போவதில்லை. சின்னமுத்து மூக்கைச் சொறிந்ததும் அதற்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அதை அவள் தன் வாயால், கடப்பாரையை ஊன்றி நிற்கிற ஒரு ஆம்பிளை முன்னால், எப்படிச் சொல்வாள்? சரி, வாசலை விட்டுவிட்டு மூலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். "வித்யா வர்ற நேரத்துல மலடி வாய வச்சா" என்று நாளைக்குக் குழாயடியில் பேச்சாகும். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பேச்சு சாகும்வரை போகாது.

அவள் சுவரின் மேலிருந்த காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவனிடம் சொன்னாள். "அந்த மூல தண்ணி குடிக்காதுங்க. அடியில பாறை."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்காட்டச் சொல்லு" என்றான்.

"நான் எப்படிச் சொல்றது?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். என்ன புரிந்துகொண்டானோ, "அப்ப விடு. அக்காவுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான். அவளும் ஊற்றினாள். அவன் அக்காவிடம் போய்த் தானே சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பாள். கொடி சொன்னாள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஜல்லி வாங்கப் போனதும் எல்லோரும் சேர்ந்துதான். தேனி ரோட்டில் ஒரு கிரஷர் யார்டு. அய்யம்மாள் ஆட்டோ பிடித்து, "நீயும் வாடி, பஞ்சுக்குள்ளயே கெடக்க" என்று பொற்கொடியையும் ஏற்றிக்கொண்டாள். மலை மலையாகக் குவித்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன ஜல்லி வேணும்? ஒன்றரை இஞ்சா, முக்கால் இஞ்சா, பொடிச் சிப்ஸா?" என்றான் யார்டுக்காரன்.

அய்யம்மாள் குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஏலக்காய் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "என்னப்பா, ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சிறுசா இருக்கு. நாங்க காயின்னா எட்டு எம்.எம்.னு சல்லடையில சலிச்சுத் தருவோம். ஒருக்கா சலிச்சுக் குடுக்குறது."

"கல்லுக்கா?"

"தூசியும் மண்ணுமா இருக்கே. இத அப்படியே போட்டா பைப்பு அடைச்சுக்கிராது? கழுவின கல்லு இல்லையா?"

"இது எதுக்கு ஆத்தா, பாயாசத்துல போடவா?"

"ஆமா, நீ வந்து குடிக்கிறதுன்னாச் சொல்லு, கிண்டிர்றேன்."

யார்டுக்காரன் தோற்றுப்போய், ஓரத்தில் கிடந்த, மழையே கழுவிவிட்ட பழைய குவியலைக் காட்டினான். முக்கால் ஜல்லி. நீலமாக, முனை கூர்மையாக இருந்தது. அய்யம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "நீ என்ன சொல்ற கொடி? இது சரியா வருமா?"

அவள் எப்போதும் அப்படிக் கேட்கிறவள்தான். கேட்டது கல்லைப் பற்றி. ஆனாலும் கேட்டுவிட்டு, பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே கடப்பாரையும் சின்னமுத்துவும் இல்லை. முத்துக்கண்ணன் எட்டத்தில் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தான். மூலையைப் பற்றி இப்போது சொல்லிவிடலாம் என்று பொற்கொடி நினைத்தாள்.

"நீங்க சொன்னாச் சரி மதினி" என்றாள்.

டிப்பர் அவர்கள் தெருவுக்குள் திரும்பாது. லோடைத் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு காலையிலிருந்து சட்டியில் அள்ளிச் சுமந்தார்கள். முத்துக்கண்ணன் தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, அக்காவை ஒரு சட்டிகூடத் தூக்க விடவில்லை. "நீ மேஸ்திரியா நில்லுக்கா, போதும்" என்றான். மெத்தைக்காரன், பஞ்சு தூக்கிப் பழகிய உடம்பு. கல் கனம் கழுத்தை இறுக்கியது. ஆனாலும் பாட்டாக ஏதோ முனகிக்கொண்டே நடந்தான். வித்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிவெள்ளித் தேரோட்டம் காட்டினவன். அவள் நடக்கப்போகிற இடத்துக்குக் கல் சுமப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

சின்னமுத்து குழாயின் மேல் ஏலநாற்றுக்குப் போடுகிற பச்சை வலையைச் சுற்றினான். அதன்மேல் ஜல்லி சரசரவென்று விழுந்து வாய்க்கால் மறைந்தது. மூலைக் குழி மட்டும் ஆழம் போகவில்லை. கடப்பாரை ணங்கென்றது.

"பாறை தட்டுதுக்கா" என்றான் சின்னமுத்து.

"சின்னக் கல்லாருக்கும். அகலமா வெட்டு, ஆழம் வேணாம்."

அது சின்னக் கல் இல்லை என்று பொற்கொடிக்குத் தெரியும். அவள் தலையில் ஒரு சட்டி ஜல்லி இருந்தது. குழியோரம் வந்து நின்றாள். "கொட்டுத்தா" என்றான் சின்னமுத்து. கொட்டினாள்.

வளைகாப்பு உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. பொற்கொடி வழக்கம்போல் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினாள். அய்யம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். "இங்க என்னடி பண்ற? தாய்மாமன் பொண்டாட்டி நீ. நீதான மொதல்ல போடணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணையருகில் நிறுத்தினாள். கூட்டத்தில் யாரோ யாரையோ பார்த்தார்கள். அய்யம்மாள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் அடங்கியது. பொற்கொடி வித்யாவின் கையில் வளையலை ஏற்றினாள். ஒன்று உடைந்துவிடுமோ என்று பயந்தாள். உடையவில்லை. "அத்தை, உன் கை ஏன் இப்படிக் குளுந்திருக்கு?" என்று வித்யா காதோரம் கேட்டுச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் காரில் வித்யாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போதுகூடச் சொல்லியிருக்கலாம். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. இத்தனை மரியாதை செய்தவளிடம் போய், நீங்கள் போட்டது தப்பு என்று எப்படிச் சொல்வது என்று இப்போது ஒரு புதுத் தயக்கம் சேர்ந்துகொண்டது. ஊருக்குப் பயந்து அடக்கிய சொல் இப்போது அன்புக்குப் பயந்து அடங்கியது.

புரட்டாசியில் தூறல்தான். வித்யா பின்கட்டில் வெறுங்காலோடு நடந்து, ஜல்லிமேல் கால் வைத்தால் கூசுகிறது என்று சிரித்தாள். பொற்கொடி தினமும் கொட்டகைக்குப் போய் மூலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஒருவேளை நாம்தான் தப்பாக நினைத்தோமோ என்றுகூடத் தோன்றியது. தை மாதக் கல்யாணங்களுக்கான மெத்தைகள் அடுக்கு அடுக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன. இடமில்லாமல் தரையிலும் அடுக்கினார்கள்.

ஐப்பசியில் ஒருநாள், முத்துக்கண்ணன் குமுளிக்குத் தலையணை லோடு கொண்டுபோயிருந்தபோது, மத்தியானம் மலை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் குரங்கணிப் பக்கத்துச் சரிவு எதுவும் தெரியவில்லை. மழை கல்லை வீசுவது போல் இறங்கியது.

சுவருக்கு மேலிருந்து அய்யம்மாள் கூப்பிட்டாள். "கொடி, வந்து பாரு. ஒரு சொட்டு நிக்கல. அம்புட்டும் உள்ள போகுது." தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பின்வாசல் படியில் வித்யா காலை நீட்டி உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டு கழுவிவிட்டது போல் இருந்தது. அய்யம்மாளின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பொற்கொடி அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லாருக்கு மதினி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

சுவரின் அடிக்கல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. செந்நிறமாக, சத்தமில்லாமல். கொட்டகைத் தரையில் கணுக்கால் அளவு நின்றது. இலவம்பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது. உறைத்துணி குடிக்கும். அடி மெத்தைகள் குடித்து, அதற்கு மேலுள்ளதற்கும் கொடுத்துக்கொண்டிருந்தன. வெள்ளைத்துணியில் செம்மண் கறை ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கறை விழுந்த மெத்தையைக் கல்யாணப் பெண்ணுக்கு யாரும் சீர் வைக்கமாட்டார்கள். ஈரம் உள்ளே தங்கினால் பஞ்சு கட்டி தட்டி நாறும்.

அவள் ஒற்றை ஆளாக இழுத்தாள். ஈர மெத்தை ஒரு ஆள் கனம். கூப்பிடும் தூரத்தில் அய்யம்மாள் நின்றாள். கூப்பிட்டால் ஓடிவருவாள், பின்னாலேயே வித்யாவும் மழையில் இறங்கி ஓடிவருவாள். அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உலர்ந்த மூட்டைகளை மட்டும் வீட்டுக்குள் சேர்க்க முடிந்தது.

முத்துக்கண்ணன் மறுநாள் காலையில் வந்து கொட்டகை வாசலில் நின்றான். அடியில் இருந்த ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்தான். விரலிடுக்கில் செந்தண்ணீர் வந்தது. அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. நேராக மேல் வீட்டுக்குப் போனான். அவளும் பின்னால் போனாள்.

அய்யம்மாள் மழைக்காக அன்று மலைக்குப் போகவில்லை. தம்பி சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ தம்பி, பாவி நான். குழி குடிச்சுக்கிரும்னு நெனச்சேன்."

"அடியில பாறைக்கா. கொடி அன்னைக்கே சொன்னா."

அவன் அதை அக்காவைக் குத்திக்காட்டுவதற்காகத்தான் சொன்னான். மனைவியைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அய்யம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"தெரியுமா ஒனக்கு?"

பொற்கொடி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுமா கல்லச் சொமந்து கொட்டுன? ஜல்லிக் கடையில நின்னு ஒன்னக் கேட்டேனே."

பதில் சொல்வதென்றால், உங்கள் மகள் மேல் கண் வைத்தேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், நீங்களும் அப்படி நினைக்கக்கூடியவர் என்று எண்ணினேன் என்று ஆகும். வித்யா வேறு அங்கேயே நின்றாள், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு. பொற்கொடி தரையைப் பார்த்தாள்.

"என்னய என்னன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்த நீ?" என்று அய்யம்மாள் கேட்டாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அன்றே சின்னமுத்து வந்தான். குழி வாயைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னாள் அய்யம்மாள். "வேணாங்க்கா, மழைக்காலம். வித்யா புள்ள இருக்கு" என்றான் அவன். "என் தம்பி தொழில் மேல தண்ணிய விட்டுட்டு எம்மகளுக்குப் பிரசவம் பாக்கச் சொல்றியா?" என்றாள். முத்துக்கண்ணன் வேண்டாம் என்றான், கெஞ்சினான், கடைசியில் கையைக்கூடப் பிடித்தான். அவள் கேட்கவில்லை. அடைத்தார்கள். அடுத்த மழையில் பின்கட்டில் பழையபடி தண்ணீர் நின்றது. அதற்கடுத்த நாள் மாப்பிள்ளை வந்து பார்த்தார். பேச்செல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. "பிரசவம் எங்க வீட்டுலயே முடியட்டும் அத்தை, அங்க தரை நல்லா இருக்கு" என்றார். வித்யா வந்த அதே பெட்டியோடு காரில் ஏறினாள். ஏறும்போது கீழ் வீட்டுப் பக்கம் பார்த்து, "வர்றேன் அத்தை" என்றாள். பொற்கொடி வாசலில் நின்று கையை மட்டும் அசைத்தாள்.

கார்த்திகையில் ஆண்பிள்ளை பிறந்தது. தாய்வீட்டில் இல்லை. அய்யம்மாள் சம்பந்தி வீட்டில் விருந்தாளி மாதிரி சில நாள் இருந்துவிட்டுத் திரும்பி, மறுபடி ஜீப்பேறி மலைக்குப் போனாள். தெரு கேட்டதற்கு, "அங்க ஆசுபத்திரி பக்கம்" என்றாள். பொற்கொடியோடு பேசாமல் இல்லை. "சாப்பிட்டியா", "மழை வருமா" எல்லாம் கேட்டாள். முன்பெல்லாம் வாடி போடி என்பவள், இப்போது பேரைச் சொல்லி நிதானமாகக் கேட்டாள். அந்த நிதானத்தைத்தான் பொற்கொடியால் பொறுக்க முடியவில்லை.

தை பிறந்து மழை விட்டது. கறைபட்ட மெத்தைகளைப் பிரித்து, தேறின பஞ்சை வெயிலில் உலர்த்தி, வேறு உறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை பொற்கொடி ஊசியை வைத்துவிட்டு எழுந்து மேல் வீட்டுக்குப் போனாள். சுவர் வழியாக இல்லை. தெரு வழியாகச் சுற்றி, முன்வாசலால் போனாள். அய்யம்மாள் வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, எங்க வாசல்ல வெட்டிக்கலாம். தெருச் சாக்கடை கிட்டத்துல இருக்கு. வாட்டமும் நல்லாருக்கு." நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து தொடர்ந்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். அங்க வர்றதுக்குப் புள்ளைத்தாச்சி யாரும் இல்லையேன்னு என் வாயால சொல்லத் தெரியல. மூல வேணாம்னாலும், வித்யாவக் கண்ணு வச்சுத்தான் சொல்றேன்னு பேசுவாகளோன்னு…"

அய்யம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

"எவ பேசுவா?" என்றாள். பிறகு, "எனக்கும் தோணுச்சு" என்றாள்.

"என்னது மதினி?"

"ஒங்க வாசல்ல வெட்டலாம்னு. சின்னமுத்துப் பய அந்தப் பக்கம் பாத்தானே, அப்பவே. ஒங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? ஒன் வாசல்ல வெட்டுனாத் தப்பில்லன்னு நான் சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? ஒனக்கு வலிக்குமேன்னு மூலையக் காட்டுனேன்."

அய்யம்மாள் கையிலிருந்த மிளகாயை மற்றவற்றோடு போட்டாள். தெருவில் ஒரு ஜீப் போனது.

"இப்ப வெட்டி என்னடி செய்ய?" என்றாள் அய்யம்மாள். நிறைய நாளைக்குப் பிறகு வந்த 'டி' அது. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. "அந்தப் பய தவழ்றதெல்லாம் அங்கயே தவழ்ந்துருவான். நாள் கணக்கா இங்க வந்து இருக்க அவுக விடமாட்டாக. விடாததும் சரிதான்."

"வருசா வருசம் மழை வரும்ல மதினி. உங்களுக்கும் வயசாகுது. நீங்களும் அதுலதான நடக்கணும்."

அய்யம்மாள் மறுபடி குனிந்தாள். மிளகாயைப் பரப்பி முடித்தாள்.

மறுவாரம் சின்னமுத்து கீழ் வீட்டு வாசலில் கடப்பாரையை ஊன்றினான். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. புது வாய்க்காலில் போடுவதற்குப் பழைய குழியைத் தோண்டி ஜல்லியை எடுத்தார்கள். செம்மண் ஒட்டி ஒவ்வொரு கல்லும் கொழகொழவென்று இருந்தது. பொற்கொடியும் அய்யம்மாளும் குத்தவைத்து உட்கார்ந்து, அண்டாத் தண்ணீரில் சல்லடையை முக்கி முக்கிக் கல்லைக் கழுவினார்கள். நடுவில் வித்யாவிடமிருந்து போன் வந்தது. அய்யம்மாள் ஈரக் கையை உதறிவிட்டு எடுத்தாள். பிள்ளை அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"என்னம்மா சத்தம் அங்க, சரசரன்னு?" என்றாள் வித்யா.

"கல்லு கழுவுறோம். ஒங்க அத்தையும் நானும்."

"எதுக்கு?"

அய்யம்மாள் பொற்கொடியைப் பார்த்தாள். பொற்கொடி சல்லடையைத் தண்ணீரில் பிடித்தபடி நிறுத்தினாள்.

"சும்மாதான்" என்றாள் அய்யம்மாள். "நீ புள்ளையப் பாரு. அழுகுறான்ல."